விமானம் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும்

'ஏறுக', 'இறங்குக' என்று விமானிக்கு ஆணையிடும் தரைக் கட்டுப்பாட்டாளர், எவ்வளவு விரைவில் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லாததனால் அது விமானியின் விருப்பம் என்று கொள்ளலாகாது. ஒரு விமானம் தான் இருந்த உயரத்தைவிட்டு மற்றோர் உயரத்தை எப்போது அடையும் என்று கணக்கிட்டே அவர் அடுத்த விமானத்துக்கு வழி விடுகிறார்.

இக்கணக்கை அமெரிக்க அரசின் விமானிகள் கையேடு வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆணையை ஏற்றதும் தாமதியாமல் தொடங்கவேண்டும். குறித்த உயரத்துக்கு 1,000 அடி எஞ்சும் வரையில் விமானத்தின் இயல்புக்கேற்ற சிறந்த வேகத்திலும், கடைசி 1,000 அடியில் நிமிடத்துக்கு 500 முதல் 1,500 அடி வரையிலும் செல்லவேண்டும். 500 அடியும் இயலாதாயின் உடனே அறிவித்தல் வேண்டும். சுமை மிகுந்த விமானத்துக்கு, மேலே காற்று மெலியும்போது அவ்வாறு நேர்வதுண்டு. ஆணையில் 'விமானியின் விருப்பப்படி' என்னும் தொடர் சேர்ந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். தொடங்கும் நேரம், வேகம், இடையில் தங்குதல் ஆகிய யாவும் அப்போது விமானியைச் சாரும். விட்டுவந்த உயரத்துக்குத் திரும்புவது மட்டும் ஆகாது. ஒரு சிறு தொடருக்கு இத்தனை பொருள் ஏற்றும் இலக்கணம் வேறு துறைகளில் அரிது.

மந்தமாக ஏறினால் பிறர் வழி அடைபடும் என்பது எளிதில் விளங்கும். மிக விரைந்தால் என்ன கேடு? மேல்கீழாகப் பறக்கும் விமானங்களுக்கு இடைவெளி பெரும்பாலும் 1,000 அடியே. நிமிடத்துக்கு 3,000 அடி வீதம் ஏறுவதற்கு அது 20 விநாடித் தொலைவு. விமானத்திலுள்ள மோதல் தவிர்ப்புக் கருவி, விமானி நிற்கப்போவதை அறியாது. வேகத்தை மட்டுமே பார்த்து எச்சரிக்கும். தேவையற்ற அவ்வெச்சரிக்கைக்கும் கீழ்ப்படிந்து விமானங்கள் தம் நிலையை விட்டு விலக நேரும். அதனாலேயே, பக்கத்து உயரத்தில் வேறொரு விமானம் இருப்பது தெரிந்தால் கடைசி 1,000 அடியில் வேகம் 1,500 அடிக்குக் குறைந்திருக்க வேண்டுமென்று பன்னாட்டு விதிகளும் கூறுகின்றன.

குறித்த உயரத்தில் நில்லாமையின் விளைவை 1996 நவம்பர் 12இல் டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில் உலகம் கண்டது. புறப்பட்டு ஏறிய சவுதி விமானத்துக்கு 14,000 அடி. இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. டில்லி ராடார் அந்நாளில் உயரத்தைக் காட்டாது; கட்டுப்பாட்டாளர் விமானியின் சொல்லையே நம்பியிருந்தார். இறங்கிய விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். அதன் பின்னரே இந்திய வானில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.