வீடே பள்ளி – 6: எந்தப் பெட்டியை வாங்குவது?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்த பெற்றோர் அடுத்துக் கேட்பது, "எந்தப் பாடத்திட்டம் நல்லது?" அவள் துறுதுறுப்பானவள், இவன் படம் பார்த்தால்தான் புரிந்துகொள்வான் என்று பிள்ளையின் குணத்தையும் கூடவே சொல்வார்கள். தங்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தினமும் காலையில் உட்காரப் போவது அவர்கள்தானே? ஐந்தாறு வயதுக்கான பாடத்திட்டம் எதுவானாலும் அது முதலில் பெற்றோருக்காக எழுதப்பட்டது.

1906இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்த கால்வர்ட் பள்ளி தன் பாடங்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கியது. தலைமையாசிரியர் விர்ஜில் ஹில்யர் மனதில் வைத்திருந்தது, பாடம் நடத்தியே பழக்கமில்லாத ஒரு தாயை. புத்தகம், பென்சில், தாள், ரப்பர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். இன்றைக்கு என்ன சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கையேடு நாள்வாரியாகச் சொல்லிவிடும். பிற்காலத்தில் ஆண்டுக்கு 160 பாடம், 20 பாடத்துக்கு ஒரு தேர்வு என்று அந்த முறை அமைந்தது. விடைத்தாளை அனுப்பினால் பால்டிமோரில் ஓர் ஆசிரியர் திருத்தித் தருவார். பள்ளியில்லாத ஊர்களுக்கு மாற்றலாகிப் போன தூதரக, ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகளும் பாதிரிமாரின் பிள்ளைகளும் இப்படித்தான் படித்தார்கள்.

அதற்கு 15 ஆண்டு முன்பே, 1891இல், இங்கிலாந்தில் சார்லட் மேசன் அஞ்சல்வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவர் மனதில் இருந்த தாய் வேறு மாதிரி. நன்றாக வாசிப்பவள், நல்ல புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதும். ஆறு வயதுவரை முறையான பாடமே வேண்டாம் என்றார் மேசன். அதன்பிறகும் ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளை கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிற்பகல் முழுக்க வெளியில், மரத்தடியில். பருவ இறுதியில் கேள்வித்தாள் உண்டு; சிறு பிள்ளைகள் சொல்லச் சொல்லப் பெரியவர்கள் எழுதி அனுப்புவார்கள்.

இன்று சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு தாய்களில் ஒருத்தியை நினைத்தே எழுதப்பட்டவை. அலுவலக வேலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டு, இடுப்பில் இன்னொரு குழந்தையும் வைத்திருப்பவருக்கு நான் கால்வர்ட் வகையைத்தான் சொல்வேன். அது உயிரற்றது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் மேசன் வழியில் கிடைக்கும் சுதந்திரத்துக்கு முந்தைய இரவே புத்தகத்தைப் படித்து வைக்கும் ஓர் ஆள் வேண்டும்.

மேசன் வழியில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதைப் பின்பற்றி அமெரிக்கத் தாய்மார்கள் தொகுத்த ஆம்பிள்சைட் ஆன்லைன் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் முதலாண்டுப் பட்டியலில், 1905இல் வெளிவந்த பிரிட்டிஷ் வரலாற்று நூல் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே இறக்கிக்கொண்டால் கோயம்புத்தூரில் வளரும் ஆறு வயதுக் குழந்தை, நூறாண்டுப் பழைய ஆங்கிலத்தில் இங்கிலாந்து ராஜாக்களின் கதை கேட்கும். முறையை எடுத்துக்கொண்டு பட்டியலை விட்டுவிடலாம். வாசித்துக் காட்டவும் திருப்பிச் சொல்லவும் தமிழ்க் கதைகள் போதும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படங்களோடு இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலையும் பிடிஎஃபாக இறக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பெட்டி எதை வாங்கினாலும் தமிழ் அதில் இருக்காது. அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

கணக்கில் மட்டும் கைபோன போக்கில் போக வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் பாடம் அது. சிங்கப்பூர் அரசு 1980களில் உருவாக்கிய தொடக்கப்பள்ளிக் கணக்கு நூல்களை அமெரிக்க வீட்டுப்பள்ளிக் குடும்பங்கள் தேடி வாங்குவதற்குக் காரணம் அந்த வரிசைதான். முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில் எண். நம் ஆட்கள் செய்வது என்னவென்றால், செலவைக் குறைக்கப் பயிற்சிப் புத்தகத்தை மட்டும் வாங்குவார்கள். பொருளை வைத்து எப்படிச் செய்வது என்பது ஆசிரியர் கையேட்டில் அல்லவா இருக்கிறது! பத்துப் புளியங்கொட்டையை ஏழும் மூன்றுமாக, ஆறும் நான்குமாகப் பிரித்துப் பார்க்காத பிள்ளைக்கு அந்தப் பயிற்சிப் புத்தகம் வெறும் கட்டங்கள்.

வகுப்பு எண்ணைப் பார்த்து மொத்தமாக வாங்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. சரளமாக வாசிக்கும் ஆறு வயதுக்காரனுக்குப் பென்சில் பிடிக்கவே கை வலிக்கலாம். வாசிப்பில் ஒரு படி, எழுத்தில் ஒரு படி என்று பாடவாரியாகப் பிரித்துத் தருகிறார்களா என்று கேளுங்கள்.

"பின்னால் பரீட்சைக்கு என்ன செய்வது?" என்ற பயத்தில் இப்போதே பெரிய போர்டு பெயர் போட்ட பெட்டியை வாங்குவது வீண். நம் நாட்டுச் சட்டம் வீட்டுக் கல்வியை வெளிப்படையாக அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதக் குறைந்தது 14 வயதாக வேண்டும். ஐந்து வயதில் வாங்கும் பெட்டிக்கும் அந்தத் தேர்வுக்கும் தொடர்பு கிடையாது.

பணம் கட்டும் முன் மாதிரிப் பாடங்களை வாங்கி இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். பிள்ளை கொட்டாவி விடுகிறதா என்பதோடு உங்களுக்குக் கோபம் எந்தப் பாடத்தில் வருகிறது என்பதையும் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகும் தவறான பெட்டி வந்து சேர்ந்தால், பெற்றோர் குழுக்களில் விற்றுவிடலாம். பயிற்சிப் புத்தகத்தில் பென்சில் படாமலும் ஆசிரியர் கையேடு தொலையாமலும் இருந்தால் நல்ல விலைக்கே போகும்.