பரிமாற்றக் கோரிக்கை (பனி ஹாக்கி)

பரிமாற்றக் கோரிக்கை என்பது, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடுமாறு ஒரு வீரர் தன் அணி நிர்வாகத்திடம் கேட்பதாகும். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடைபெறும் தேசிய ஹாக்கி லீக் பனி ஹாக்கிப் போட்டிகளில், இக்கோரிக்கைகளைக் கையாளும் பொறுப்பு அணியின் பொது மேலாளருடையது. அவர் எப்போது இணங்க வேண்டும், எப்போது உறுதியாக நிற்க வேண்டும் என்பது குறித்து இரசிகர்கள் ஓயாமல் விவாதிக்கின்றனர். டாம்பா பே லைட்னிங் அணியின் பொது மேலாளராக 2010 முதல் 2018 வரை பணியாற்றிய ஸ்டீவ் ஐசர்மன் எதிர்கொண்ட இரண்டு கோரிக்கைகள் இவ்விவாதத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள்.

விதிகளின் பின்னணி

ஒப்பந்தத்தில் உள்ள வீரருக்கு மாற்றம் கேட்க உரிமை உண்டு; அதைப் பெற உரிமை இல்லை. அவர் விளையாட மறுத்தால் சம்பளமின்றி இடைநீக்கம் செய்யப்படலாம். மறுபுறம், மூத்த வீரர்கள் சிலரின் ஒப்பந்தத்தில், அவர்களது சம்மதமின்றி வேறு அணிக்கு அனுப்பக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அத்தகைய வீரர் தான் போக விரும்பும் அணியைத் தானே குறிப்பிட முடியும்.

பரிமாற்றத்தில் வீரருக்கு ஈடாக வேறு வீரர்களோ, புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளோ பெறப்படுகின்றன. 2005 முதல் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பும் உள்ளதால், வரும் வீரரின் சம்பளமும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். கோரிக்கை வெளியே தெரிந்துவிட்டால் மற்ற அணிகள் குறைந்த விலையே பேசும். பொது மேலாளர்கள் இதை இரகசியமாக வைத்திருக்க விரும்புவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மார்ட்டின் செயின்ட் லூயிஸ் (2014)

செயின்ட் லூயிஸ் 2004இல் டாம்பா பே அணிக்கு ஸ்டான்லி கோப்பையை வென்று தந்தவர்களில் ஒருவர். 2014இல் பரிமாற்றம் நடக்கும் வரை அணியின் தலைவராகவும் இருந்தார். 2014 குளிர்கால ஒலிம்பிக்கிற்கான கனடா அணியைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கும் ஐசர்மனே தலைமை வகித்தார். முதலில் அறிவிக்கப்பட்ட பட்டியலில் செயின்ட் லூயிஸ் பெயர் இல்லை. ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் காயத்திலிருந்து மீளாததால் பின்னர் அவர் சேர்க்கப்பட்டார். எனினும் மனக்கசப்பு நீங்கவில்லை. அவர் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு மட்டுமே செல்ல விரும்பினார். அவருடைய ஒப்பந்தமும் அதற்கு இடமளித்தது.

பேரம் பேச ஒரே ஒரு அணிதான் இருந்தது. இருந்தும் 2014 மார்ச் 5 அன்று, ரேஞ்சர்ஸ் தலைவர் ரயன் கலகனையும் புதுமுகத் தேர்வு உரிமைகளையும் ஐசர்மன் பெற்றார். அதே ஆண்டு ரேஞ்சர்ஸ் இறுதிச் சுற்றை எட்டியது. அடுத்த ஆண்டு டாம்பா பே, ரேஞ்சர்ஸை வென்று இறுதிச் சுற்றுக்குச் சென்றது.

ஜொனத்தன் ட்ரூவான் (2015–2017)

2013 புதுமுகத் தேர்வில் மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ட்ரூவான், போதிய வாய்ப்பு கிடைக்கவில்லை என்று கருதி 2015 நவம்பரில் மாற்றம் கோரினார். 2016 சனவரியில் அவர் சிராகியூசில் உள்ள துணை அணிக்கு அனுப்பப்பட்டார். உடனே அவருடைய முகவர் கோரிக்கையைப் பகிரங்கப்படுத்தினார். அம்மாதமே அவர் துணை அணிக்கு விளையாட மறுக்க, ஐசர்மன் சம்பளமின்றி இடைநீக்கம் செய்தார்.

பரிமாற்றத்திற்கான கடைசி நாள் கடந்தும் ஐசர்மன் அவரை விற்கவில்லை. மார்ச்சில் துணை அணிக்குத் திரும்பிய ட்ரூவான், பின்னர் முதன்மை அணிக்கு அழைக்கப்பட்டு, தீர்வுச் சுற்றின் 17 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்தார். 2017 சூனில்தான் அவர் மொன்றியாலுக்கு அனுப்பப்பட்டார். ஈடாக வந்த தற்காப்பு வீரர் மிகைல் செர்கச்சேவ், டாம்பா பே 2020, 2021 ஆண்டுகளில் கோப்பை வென்றபோது அணியில் இருந்தார்.

இரசிகர்களின் வாதங்கள்

விருப்பமில்லாத வீரரை வைத்திருப்பது அணியின் ஒற்றுமையைக் கெடுக்கும் என்றும், இளம் வீரரின் ஆண்டுகள் வீணாகின்றன என்றும் ஒரு சாரார் கூறுவர். ஒருமுறை பணிந்தால் அடுத்தடுத்து எல்லோரும் கேட்பர் என்றும், அவசர விற்பனை நட்டத்திலேயே முடியும் என்றும் மறு சாரார் வாதிடுவர். ட்ரூவான் நிகழ்வு இரண்டாம் தரப்புக்கு வலுச் சேர்த்தது.

ஆனால் பொறுமை எப்போதும் வீரருக்கும் அணிக்கும் ஒருசேர நன்மை தருவதில்லை. பஃபலோ சேபர்ஸ் வீரர் ஜாக் ஐகலின் கழுத்துக் காயத்திற்கு எந்த அறுவை சிகிச்சை செய்வது என்பதில் அவருக்கும் நிர்வாகத்துக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. சிகிச்சையில் இறுதி முடிவு அணியிடமே இருந்ததால் மாதக்கணக்கில் இழுபறி நீடித்தது. 2021 நவம்பரில் அவர் வேகஸ் கோல்டன் நைட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டு, தான் விரும்பிய சிகிச்சையைப் பெற்றார். 2023இல் வேகஸ் கோப்பை வென்றபோது, தீர்வுச் சுற்றில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவரே.

இந்நிகழ்வுகளில் கோரிக்கையின் காரணமும் வேறு, வீரரின் பேரபலமும் வேறு. செயின்ட் லூயிசுக்கு ஒப்பந்த நிபந்தனை துணை நின்றது. ட்ரூவானுக்கு அது இல்லை. ஐகலுக்கோ உடல்நலமே பணயமாக இருந்தது. எனவே ஒரு பொது மேலாளரின் முடிவு சரியா தவறா என்பது, பரிமாற்றம் நடந்த நாளில் அல்லாமல், பல பருவங்கள் கழிந்த பின்னரே தெளிவாகிறது.