புது லேப்-டாப் திரையில் கரும்புள்ளியா? கடைக்கு ஓடும் முன் இதை படிங்க!

சென்னை,

காலேஜ் திறக்கும் நேரம் வந்தாலே சென்னை ரிச்சி தெருவில் லேப்-டாப் வாங்க கூட்டம் அலைமோதும். தவணை போட்டும், நகையை அடகு வைத்தும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர். ஆசை ஆசையாக வீட்டில் திறந்து பார்த்தால், திரையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி! துடைத்தாலும் போகவில்லை. கடையில் கேட்டால், "ஒரே ஒரு புள்ளிக்கெல்லாம் மாத்தித் தர முடியாது சார்" என்று கையை விரிக்கிறார்கள்.

அது என்ன புள்ளி? என்னதான் செய்வது?

62 லட்சம் சுவிட்சுகள்

'புல் எச்.டி.' எனப்படும் சாதாரண லேப்-டாப் திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. இதற்கு பிக்சல் என்று பெயர். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 குட்டிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். ஆக மொத்தம் 62 லட்சத்துக்கும் மேல்! அதில் ஒன்று மக்கர் பண்ணினாலும் கண்ணில் பட்டு விடும்.

சுவிட்ச் திறந்தபடியே நின்று விட்டால் சிவப்பு, பச்சை அல்லது நீல நிறத்தில் புள்ளி எரிந்து கொண்டே இருக்கும். இது 'சிக்கிக்கொண்ட' பிக்சல். சரியாக வாய்ப்பு உண்டு. எப்போதும் கருப்பாகவே இருந்தால் அது 'செத்த' பிக்சல். அது பிழைப்பது அபூர்வம்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

முதலில் மெல்லிய மைக்ரோ பைபர் துணியால் துடைத்துப் பாருங்கள். வெறும் தூசியாகவும் இருக்கலாம். தண்ணீரை திரையில் நேரடியாக தெளிக்கக் கூடாது.

அடுத்து கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய 5 நிறங்களை ஒவ்வொன்றாக திரை முழுவதும் வரவழைத்து, விளக்கை அணைத்து விட்டு உற்றுப் பாருங்கள். எரியும் புள்ளி கருப்புத் திரையிலும், செத்த புள்ளி வெள்ளைத் திரையிலும் பளிச்சென்று தெரியும்.

லேப்-டாப்பை டி.வி.யுடன் இணைத்தும் பார்க்கலாம். புள்ளி டி.வி.யிலும் தெரிந்தால் கோளாறு திரையில் இல்லை, உள்ளே இருக்கிறது. டி.வி.யில் தெரியாவிட்டால் திரையில்தான் குறை. புள்ளியாக இல்லாமல் நீளமான கோடாக விழுந்தால், கேபிள் கோளாறாகவும் இருக்கலாம்.

கட்டை விரல் வைத்தியம் வேண்டாம்

நிறப் புள்ளி என்றால், அந்த இடத்தில் நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டும் இலவச சாப்ட்வேரை சில மணி நேரம் ஓட விடலாம். சரியானாலும் ஆகும், ஆகாமலும் போகும். வலிப்பு நோய் உள்ளவர்கள் அந்த ஒளியை பார்க்கவே கூடாது.

"விரலால அமுக்குனா போயிடும்" என்று சொல்வதைக் கேட்டு அழுத்தி விடாதீர்கள். ஒரு புள்ளி போய், மை கொட்டியது போல பெரிய கறையே வந்து விடும். அப்புறம் "நீங்களே உடைச்சிட்டீங்க" என்று வாரண்டியும் கிடைக்காது. ஒரு பிக்சலை மட்டும் தனியாக மாற்றவும் வழி இல்லை. முழு பேனலையும்தான் மாற்ற வேண்டும்.

கடைக்காரர் சொல்வது சரியா?

2001-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற சர்வதேச விதி, இரண்டாம் வகை திரையில் 10 லட்சம் பிக்சலுக்கு 2 வெள்ளைப் புள்ளி, 2 கரும்புள்ளி, 5 குட்டிப் புள்ளிக் குறைகள் வரை இருக்கலாம் என்றது. 2008-ல் அதற்கு பதிலாக புதிய விதி வந்து விட்டது. ஆனாலும் 'இத்தனை புள்ளிக்கு மேல் இருந்தால்தான் மாற்றித் தருவோம்' என்று கம்பெனிகள் தனித்தனியாக கணக்கு வைத்துள்ளன. ஒரு புள்ளிக்கே மாற்றித் தரும் கம்பெனியும் உண்டு. எனவே வாங்கும் முன்பே அதைக் கேட்டு விடுவது நல்லது.

கடையில் வாங்கினால் அங்கேயே ஆன் செய்து 5 நிறங்களையும் பார்த்து விடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பிரிப்பதை வீடியோ எடுத்து, அன்றைக்கே சோதியுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டினால் வாரண்டி கணக்குதான் மிஞ்சும்.

கம்பெனி தன் விதிப்படியே மாற்றித்தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டிலேயே வழக்கு போடலாம். பொருளுக்கு கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் பில் இருக்க வேண்டும். அதனால் அட்டைப் பெட்டியோடு சேர்த்து பில்லையும் தூக்கி எறிந்து விடாதீர்கள்!