கணனி வரையும் வடிவம்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிக்குச் செல்வோர் வாவியின்மீது இரண்டு பாலங்கள் அருகருகே நிற்பதைக் காண்பர். ஒன்று, தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரைத் தாங்கி 1924ஆம் ஆண்டில் எழுந்த இரும்புப் பாலம். மற்றையது, யப்பான் நாட்டின் உதவியுடன் கட்டப்பெற்று 2013ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட கொங்கிறீற்றுப் பாலம். முதற் பாலத்தை வகுத்தோர் ஒவ்வொரு சட்டமும் தாங்கவேண்டிய பாரத்தைத் தாளிலே கணக்கிட்டனர். பின்வந்தோருக்கு அக்கணக்கைக் கணனி விரைவிற் செய்து கொடுத்தது. ஆயினும் ஓர் ஒழுங்கு மாறவில்லை. வடிவத்தை மனிதன் வரைந்தான். அது தாங்குமா என்பதைக் கணக்குச் சொல்லிற்று. செயற்கை நுண்ணறிவு மாற்றத் தொடங்கியிருப்பது இந்த ஒழுங்கையே. நிபந்தனைகளை மனிதன் சொல்ல, வடிவத்தைக் கணனி முன்மொழியும் காலம் வந்திருக்கிறது.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? வாவியில் ஓடும் மீன்பிடிப் படகொன்றிற்கு, வெளியிணைப்பு இயந்திரத்தைத் தாங்கும் உலோகத் தாங்கி ஒன்று தேவை என்று கொள்வோம். அதனை எவ்விடங்களிற் படகுடன் பிணைக்க வேண்டும், இயந்திரத்தின் எடை யாது, அது தள்ளும் விசை எவ்வளவு, எந்த உலோகத்தாற் செய்வது, எவ்விடத்தை வெறுமையாக விடவேண்டும் என்பனவற்றைப் பொறியியலாளர் கணனிக்குச் சொல்லுகிறார். கணனி அந்த இடம் முழுவதையும் உலோகத்தால் நிரப்பிய ஒரு கட்டியாகக் கருதி, அதனை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் சுமக்கும் பாரத்தைக் கணிக்கிறது. பாரம் குறைந்த இடத்தில் உலோகத்தை நீக்குகிறது, மிகுந்த இடத்தில் விட்டுவைக்கிறது, மீண்டும் கணிக்கிறது. இவ்வாறு பன்முறை செய்தபின் எஞ்சும் உருவம், கண்டல் மரத்தின் வேர்களைப்போலக் கிளைத்து வளைந்து நிற்கும். நேர்கோட்டையும் செங்கோணத்தையும் பழகிய கண்ணுக்கு அது விந்தையாகவே தோன்றும்.

இதுவரை கூறியது கணிதமே. நுண்ணறிவு எங்கே வருகிறதெனின், காலத்தை மிச்சப்படுத்துமிடத்திலே வருகிறது. கடினமான ஓர் அமைப்பை முழுமையாகக் கணித்துப் பார்க்கக் கணனிக்கும் பல மணி நேரம் செல்லலாம். முன்னர் கணிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வடிவங்களையும் அவற்றின் விடைகளையும் காட்டிப் பயிற்றினால், புதிய வடிவமொன்று தாங்குமா தாங்காதா என்பதைக் கணப்பொழுதில் மதிப்பிடக் கணனி கற்றுக்கொள்கிறது. பழகிய மர வியாபாரி, அளவுகோலை எடுக்குமுன்பே மரத்தைப் பார்த்து இத்தனை கன அடி தேறும் என்று சொல்லுவதை இதற்கு ஒப்பிடலாம். அம்மதிப்பீட்டிலே தேறிய சிலவே முழுக் கணக்கிற்கும் பின்னர் நேரடிச் சோதனைக்கும் செல்கின்றன.

இவ்வழியிற் பிறந்த பொருள்கள் ஏற்கெனவே உலகில் உள்ளன. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2006ஆம் ஆண்டில் விண்ணுக்கு அனுப்பிய மூன்று சிறு செய்மதிகளில், கணனி கண்டுபிடித்த வானலை வாங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. உயிரினங்களின் கூர்ப்பைப் போலத் தலைமுறை தலைமுறையாக வடிவங்களைத் திருத்திக் கணனி கண்ட அந்த உருவம், முறுக்கி வளைத்த கம்பித்துண்டு போலிருந்தது. எயர்பஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டில், விமானத்தின் உள்ளே பயணிகள் பகுதியைப் பிரிக்கும் தடுப்பொன்றை இவ்வகையில் வடிவமைத்தது. அதன் எடை வழக்கமான தடுப்பினும் ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்தது. உலோகத் தூளை ஒளிக்கதிரால் உருக்கிப் படைபடையாக அடுக்கும் முறையினால் அதன் பாகங்கள் ஆக்கப்பட்டன.

தொழிற்சாலையிலும் இவ்வறிவு புகுந்துவிட்டது. வாழைச்சேனைக் காகித ஆலை போன்ற ஆலைகளிலே பழகிய தொழிலாளர், உருளையின் ஓசை மாறுவதைக் கொண்டே பழுது வரப்போவதை அறிவர். அந்தச் செவிப்புலனைக் கணனிக்கும் பயிற்றலாம். இயந்திரத்தின் அதிர்வை இடைவிடாது அளந்து, வழக்கத்திற்கு மாறானதை அது முன்னரே அறிவிக்கும். படம்பிடி கருவி கொண்டு, துணியின் இழையறுதலையும் உலோகத்தின் வெடிப்பையும் அது கண்டுபிடிக்கும்.

இத்துணை ஆற்றல் உடையதாயினும், கணனி தனக்குச் சொல்லப்படாததை அறியாது. 1940ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், அமெரிக்காவின் தக்கோமாத் தொங்குபாலம், திறக்கப்பட்டு நான்கு மாதங்களே சென்றிருந்த வேளையில், காற்றிலே முறுக்குண்டு ஆடி வீழ்ந்தது. அக்காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீற்றரே. வகுத்தோர் கணக்கிலே வல்லவர். ஆனால் காற்று பாலத்தை எவ்வாறு அசைக்கும் என்ற கேள்வி அவர்களுடைய கணக்கில் இடம்பெறவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை வராது என்பது தாளுக்கும் பொருந்தும், கணனிக்கும் பொருந்தும்.

கணனியிடத்து மேலும் ஓர் அபாயம் உண்டு. தான் கற்ற எல்லைக்கு அப்பாற்பட்டதைக் கேட்டாலும், கற்றதைச் சொல்லும் அதே உறுதியுடன் அது விடை சொல்லக்கூடும். மட்டக்களப்பிலே 1980ஆம் ஆண்டிற்குப் பின்னர் அளந்த காற்றின் வேகங்களை மட்டும் கொடுத்து ஒரு கோபுரத்தையோ கூரையையோ வடிவமைக்கச் சொன்னால், 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியை அக்கணனி அறியாது. தென்னந்தோட்டங்களை வேரோடு சாய்த்த அந்த இரவு அதற்கு நிகழாத ஒன்றே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளின் கடற்கோளும் அத்தகையதே. மாரியிலே நன்னீர் பெருகுவதையும், கோடையிலே உப்பு ஏறுவதையும், முகத்துவாரத்தை மணல் அடைப்பதும் பின்னர் வெட்டித் திறப்பதுமாகிய வழக்கத்தையும், வேறொரு நாட்டின் கடலைக் கற்ற கணனி எவ்வாறு அறியும்? தாங்கியைத் தின்பது பாரம் மாத்திரமன்று, உப்புங்கூட.

எனவே இத்துறையில் இப்பிரதேசம் செய்யவேண்டியவை இரண்டு. வாவியின் நீர்மட்டம், உப்பு, வெள்ளம், காற்று ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்து எழுதி வைத்தல் ஒன்று. விலை கொடுத்துப் பிறநாட்டில் வாங்கமுடியாத செல்வம் அதுவே. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திற்கும், நாளை அங்கு சேரவிருக்கும் மாணவர்க்கும் அந்த ஏடுகள் வேண்டும். மற்றையது, கணனி இருக்கிறதென்று கணிதத்தையும் பௌதிகத்தையும் மாணவர் கைவிடாதிருத்தல். முன்மொழிந்த வடிவம் பொருந்தாது என்று மறுத்துச் சொல்லுதற்கு அவ்வறிவே துணை.

வடிவத்தை எது வரைந்தாலும், வரைபடத்தின் கீழே கையொப்பமிடுபவர் பொறியியலாளரே. அப்படகிலே ஏறி வாவிக்குச் செல்லும் மீனவர் நம்பிச் செல்வதும் அக்கையொப்பத்தையே.