காந்தளுக்கு ஒரு படம் போதாது

தமிழ்நாட்டின் மாநில மலர் என்று செங்காந்தளை அச்சிடும்போது பெரும்பாலும் ஒரே தோற்றம்தான் வரும்: ஆறு இதழ்களும் மேல்நோக்கி எழுந்து, செக்கச்செவேலென்று, அடியில் மட்டும் மஞ்சள். படம் பொய்யில்லை, ஆனால் அது பூவின் ஒரு பருவம்தான். மொட்டு பச்சை நிறத்தில் தலைகவிழ்ந்து தொங்கும். விரியத் தொடங்கும் இதழ்கள் பச்சை கலந்த மஞ்சளாக, ஓரம் நெளிநெளியாக இருக்கும். அவை பின்னுக்கு வளைந்து மேலே ஏறும்போது சிவப்பு படரும். சில நாட்களில் மஞ்சளே தெரியாமல் முழுதும் சிவந்துவிடும். ஒரே கொடியில் இத்தனை நிலைகளையும் பார்க்கலாம். தனிப்பூவைப் படமெடுத்து அதன் வரலாற்றையும் தேட விரும்புகிறவர் இந்த மாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். காந்தளுக்கு ஏறிய அர்த்தங்கள் எல்லாம் அதிலும், அது வளரும் இடத்திலும் காலத்திலுமே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சங்கப் பாடல்கள் இந்தப் பூவைப் பெண்ணின் விரலாகவும், பாம்பின் படமாகவும், சுடராகவும் கண்டிருக்கின்றன. விரலும் பாம்பும் சுடரும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. கவிஞர்கள் ஆளுக்கொன்றாகக் கற்பனை செய்தார்கள் என்று தள்ளிவிடலாம். ஆனால் கொடியின் பக்கத்தில் நின்று பார்த்தால் மூன்றுக்கும் ஆதாரம் கிடைக்கிறது: ஒடுங்கி நீண்ட இதழ்களில் விரல், வளைந்து எழும் நிலையில் படம், முற்றிச் சிவந்ததில் சுடர். முருகன் சூடும் பூ இது. தொல்காப்பியம் வேலன் வெறியாட்டைக் காந்தள் என்ற பெயரிலேயே ஒரு துறையாக வைக்கிறது. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. மலைச்சாரலும் மழையும் இல்லாமல் இந்தப் பெருமை அதற்கு வந்திருக்காது.

பூவைச் சூழலோடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் இலை, மொட்டு, தண்டு எல்லாவற்றையும் வெறும் பின்னணியில் வைத்துப் பன்மடங்கு பெரிதாக்கி எடுத்த படங்கள் 1928இல் புத்தகமாக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றன. சூழல் துளியும் கிடையாது. ஆனாலும் கண்ணைக் கட்டிப்போடுகின்றன. அப்படியானால் சூழல் எதற்கு? பிளாஸ்ஃபெல்ட் கலைப்பள்ளி ஆசிரியர். அலங்கார வடிவங்களைச் செடிகளிலிருந்து மாணவர்கள் கற்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். வடிவம் வேண்டுமென்றால் சூழலை வெட்டலாம், வெட்டவும் வேண்டும். வரலாறு வேண்டும் என்பவர் அதே கத்தியை எடுத்தால், இலையின் நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றி ஏறுவது முதலில் போய்விடும். அந்தப் பிடிப்புதான் இந்தக் கொடியை வேலியிலும் புதரிலும் ஏற்றிவிடுகிறது. (வெயிலில் எடுத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு: டிஜிட்டல் கேமராவில் சிவப்பு நிரம்பி வழிந்து, இதழோரத்து மஞ்சள் கோடு மறைந்துவிடும். மேகமூட்டமும், ஒளியைச் சற்றுக் குறைத்து வைப்பதும் உதவும்.)

அடையாளம் என்பதே மனிதர் ஏற்றிச் சொல்வதுதானே, பூவில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. இதே பூ ஜிம்பாப்வேயின் தேசிய மலர்; அன்றைய தெற்கு ரொடீசியா 1947இல் இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூ வடிவில் வைர ஊசி பரிசளித்தது. ஈழத்தமிழர்களுக்கு இதுவே கார்த்திகைப்பூ. நவம்பர் மாவீரர் நாளோடு சேர்ந்தது. ஒரே பூ, அரச அணிகலனாகவும் நினைவஞ்சலியாகவும் இருக்கிறது. ஏற்றிச் சொல்வதுதான், சம்மதம். ஆனால் ஏற்றுவதற்கு ஒரு கொக்கி வேண்டும். கார்த்திகை மழையில் அது பூக்காவிட்டால் அந்த நாளோடு சேர்ந்திருக்குமா? பூ மட்டும் நிறைந்த படத்தில் மாதமும் மழையும் எங்கே?

இன்னொரு வரலாறு மண்ணுக்குள் இருக்கிறது. கலப்பை போல் வளைந்த கிழங்கு கடும் விஷம். கொடியின் எல்லாப் பாகங்களிலும் கால்ச்சிசின் உண்டு. அளவு பிசகினால் உயிரைப் பறிக்கும் அதே பொருள்தான் கவுட் எனும் மூட்டுவலிக்கு மருந்து. அதற்காகவே தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில், கம்பிப் பந்தலில் ஏற்றிப் பயிரிடுகிறார்கள்; விதைக்குத்தான் விலை. இங்கே கேமரா கவனிக்க வேண்டியது இதழை அல்ல, நடுவில் இருக்கும் சூல்தண்டை. அது அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் வளைந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் தடுக்கும் ஏற்பாடு இது. அதனால் காய் நன்றாகப் பிடிக்க, விவசாயிகள் காலை நேரத்தில் பூப்பூவாகப் போய்க் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். பூவை மட்டும் நெருங்கி எடுத்த படத்தில் வளைவு துல்லியமாகத் தெரியும். அதனால் ஏறும் கூலிச்செலவு, அந்தக் கைகளையும் சேர்த்து எடுத்தால்தான் தெரியும்.