மணல்மணலாக ஒரு மருந்து

படர்தாமரைக்குத் தந்த கிரிசியோஃபல்வின் மாத்திரை அட்டையில் ‘மைக்ரோசைஸ்’ என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மருந்துத் துகள் அவ்வளவு பொடிசு என்று பொருள். தண்ணீரில் லேசில் கரையாத மருந்து இது. 100 மைக்ரான் கனசதுரம் ஒன்றை 10 மைக்ரான் துண்டுகளாக்கினால் ஆயிரம் துண்டு வரும். மொத்தப் பரப்போ பத்து மடங்காகும். பரப்பு கூடினால் குடலில் கரைவதும் கூடும். துகளைப் பொடிசாக்கிய பிறகு இந்த மருந்தை ஏறக்குறைய பாதி அளவு கொடுத்தாலே போதும் என்றானது.

அப்படியானால் அரைத்துவிட்டால் முடிந்ததா? அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். அரைக்கும்போது படிகத்தின் மேற்பரப்பில் ஒழுங்கு குலைகிறது, ஈரம் இழுக்கிறது, டிரம்மில் கிடந்து கட்டி தட்டுகிறது. சில மருந்துகளுக்கு அரைப்பதைத் தவிர வழியில்லை, உண்மைதான். ஆனால் கரைசலைக் குளிர்வித்து மருந்தைப் படிகமாக்கும்போது காட்டாத அக்கறையை மில்லில் ஈடுகட்டலாம் என்று நினைப்பது தவறு. நான் படித்தபோது மூலக்கூறைக் கட்டுவதற்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம். அது படிகமாவதற்கு ஒரே ஒரு வகுப்பு.

அம்மா நெய் காய்ச்சி இறக்கினால் மூலையில் வைத்துவிடுவார், யாரும் அசைக்கக் கூடாது. மெல்ல ஆறி மணல்மணலாக உறையும். ஒருநாள் அவசரத்தில் நான் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தேன். வழவழவென்று மெழுகாக உறைந்துபோனது. மருந்தைப் படிகமாக்கும் ரியாக்டரிலும் இதுதான். சட்டென்று குளிர்ந்தால் கரைசல் முழுவதும் புதுப்புதுக் கருக்கள் தோன்றும்; எதுவும் பெரிதாக வளராது. அதனால் கரைசல் சற்றே மீதெவிட்டிய நிலைக்கு, அதாவது தாங்கக்கூடியதைவிடக் கொஞ்சம் அதிக மருந்து கரைந்திருக்கும் நிலைக்கு, வந்ததும் விதைப் படிகத்தைத் தூவுவார்கள். முந்தினால் விதை கரைந்துவிடும். பிந்தினால் கரைசல் தானாகவே கரு கட்டியிருக்கும்.

என்னை மிகவும் கவர்ந்தது இதற்கு அடுத்த கட்டம். முதலில் மெதுவாக, போகப்போக வேகமாகக் குளிர்விக்க வேண்டும் என்று 1971இல் முல்லின், நிவ்ல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தொடக்கத்தில் விதைகளின் பரப்பு கொஞ்சம்தான், கரைந்த மருந்து வந்து படிய அதிக இடமில்லை. வளர வளர இடம் பெருகும். எட்டு மணி நேரத்தில் 60 டிகிரியிலிருந்து 20க்கு இறக்க வேண்டுமென்றால், நேரத்தின் மும்மடிக் கணக்குப்படி முதல் நாலு மணி நேரத்தில் இறங்குவது வெறும் 5 டிகிரி. மீதி 35 டிகிரி அடுத்த நாலில்.

அந்த நாலாவது மணியில் ரியாக்டரின் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். தூவியபோது லேசாகக் கலங்கியிருந்த கரைசலில் இப்போது மினுமினுவென்று துகள்கள் சுழன்றுகொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் அதைப் பார்த்த பிறகுதான் குளிர்நீர் வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறந்தார்.