ஒரு லட்ச ரூபாய்ப் பங்கு மலிவாக இருக்க முடியுமா?

2023 ஜூன் 13 அன்று, இந்தியப் பங்குச் சந்தையில் முதல் முறையாக ஒரு பங்கின் விலை ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தின் பங்கு அது. கேட்டவர்கள் மலைத்தார்கள். ஆனால் அந்த விலையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அந்த நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தன் பங்குகளைப் பிரித்ததில்லை. மொத்தமே சுமார் 42.4 லட்சம் பங்குகள்தான். ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்திருந்தால் விலை பத்தாயிரமாகத் தெரிந்திருக்கும். ஆலையில் ஒரு டயர்கூடக் கூடியிருக்காது.

தென்னந்தோப்பை விலை பேசுகிறவர், ஆண்டுக்கு எவ்வளவு காய்க்கும் என்று கேட்பார். பங்குக்கும் அதே கேள்விதான். 2022-23இல் எம்.ஆர்.எஃப். ஈட்டிய நிகர லாபம் 769 கோடி ரூபாய். பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்குச் சுமார் 1,813 ரூபாய். ஒரு லட்சத்தை இதனால் வகுத்தால் 55 வருகிறது. இதுதான் பி.இ. விகிதம்: ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்குச் சந்தை 55 ரூபாய் கொடுத்தது. இதைத் தலைகீழாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவு. போட்ட நூறு ரூபாய்க்கு லாபம் 1 ரூபாய் 80 காசு. அப்போது வங்கி வைப்புநிதி 7 விழுக்காட்டை ஒட்டி வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் அந்தப் பங்கு அநியாய விலையா? அடுத்த ஆண்டு நடந்ததைப் பார்க்க வேண்டும். 2024 மார்ச் இறுதியில் விலை சுமார் 1,33,000 ரூபாய்க்கு ஏறியிருந்தது. பி.இ. விகிதமோ 27ஆக இறங்கிவிட்டது! விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியும் விகிதம் பாதியானது எப்படி? வகுக்கும் எண் பெருத்துவிட்டது. 2023-24இன் லாபம் 2,081 கோடி. ரப்பரும், கச்சா எண்ணெயிலிருந்து வரும் மூலப்பொருள்களும் விலை ஏறினால் டயர் நிறுவனத்தின் லாபம் சுருங்கும், இறங்கினால் விரியும். இப்படி ஏறி இறங்கும் தொழில்களில், லாபம் அடிமட்டத்தில் கிடக்கும் ஆண்டில்தான் பி.இ. உச்சத்தில் தெரியும். லாபம் கொழிக்கும் ஆண்டில் அதே பங்கு மலிவாகத் தோன்றி ஏமாற்றும்.

இந்தச் சிக்கலை வெகுகாலம் முன்பே உணர்ந்தவர் பெஞ்சமின் கிரஹாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். வாரன் பஃபெட்டின் ஆசிரியர். எச்சரிக்கையான முதலீட்டாளர் ஓராண்டு லாபத்தை நம்பாமல் கடந்த மூன்றாண்டுச் சராசரியால் வகுக்க வேண்டும், விகிதம் 15ஐத் தாண்டக் கூடாது என்றார். 2023 மார்ச் வரையான மூன்றாண்டுகளில் எம்.ஆர்.எஃப்.பின் லாபம் முறையே 1,277, 669, 769 கோடி. அந்தச் சராசரியில் ஒரு லட்ச ரூபாய் விலைக்கு விகிதம் 47. அப்போதும் எட்டாத உயரம்தான்.

கிரஹாமின் இரண்டாவது அளவுகோல் புத்தக மதிப்பு. சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்தால் பங்குதாரருக்கு மிஞ்சுவது அது. 2023 மார்ச்சில் எம்.ஆர்.எஃப்.புக்கு அது சுமார் 14,700 கோடி. பங்குக்கு ஏறத்தாழ 34,700 ரூபாய். விலை அதைப் போல் 2.9 மடங்கு. கிரஹாம் வைத்த வரம்பு 1.5 மடங்கு. ஆனால் இந்த அளவுகோல் ஆலையும் இயந்திரமும் கொண்ட தொழிலுக்கு ஓரளவு பொருந்தும். மூளையை மட்டுமே மூலதனமாகக் கொண்ட மென்பொருள் நிறுவனத்துக்குப் பொருந்தாது. அதனால் அந்தச் சொத்து எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 14,700 கோடிக்கு 769 கோடி என்றால் 5 விழுக்காடுதான். ஈட்டுவது இவ்வளவே என்றால், புத்தக மதிப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கொடுக்க முகாந்திரமில்லை. லாபம் கூடும் என்று நம்பியவர்கள்தான் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அவர்கள் நம்பிக்கை பலித்தது.

இத்தனை வகுத்தலும் கணக்கு உண்மையாக இருந்தால்தான். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொண்டார். முந்தைய நாள்வரை அந்தப் பங்கின் விகிதங்களைக் கணக்கிட்டவர்கள் எல்லோரும் சரியாகத்தான் வகுத்தார்கள். எண்கள்தான் பொய். ஆகவே லாபத்தோடு, தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்த பணத்தையும் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

விகிதங்கள் எதிர்காலத்தைச் சொல்வதில்லை. இன்றைய விலை எந்த எதிர்காலத்தை நம்பி நிற்கிறது என்பதைச் சொல்கின்றன. 55 என்ற எண், 'லாபம் வேகமாகப் பெருகும்' என்று சந்தை சொல்லும் வாக்கியம். அதை ஏற்கலாமா என்று தீர்மானிக்க, ரப்பர் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.